கிரிட் ஃபால்ஸ் சீலிங் போட என்ன செலவாகும்? நீங்களே கணக்குப் போடும் முறை

ஃபால்ஸ் சீலிங் போட எவ்வளவு ஆகும் என்று கேட்டால், பெரும்பாலும் வரும் பதில் ஒரே வரிதான்: சதுர அடிக்கு இவ்வளவு. அந்த வரியை அறையின் பரப்போடு பெருக்கிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குபவர்கள், முடியும்போது வேறு ஒரு தொகையைக் கொடுக்கிறார்கள். இதில் யாரும் ஏமாற்றியிருக்க வேண்டும் என்பதில்லை. பரப்பை வைத்துப் போடும் கணக்கு சீலிங்கின் நடுப்பகுதிக்குத்தான் சரியாக வரும். செலவு கூடுவது சுவரோரத்திலும், சீலிங்குக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத இடத்திலும்.

இங்கே நான் பேசுவது உலோகச் சட்டத்தைக் கம்பியில் தொங்கவிட்டு, அதில் டைல்களை வைக்கும் கிரிட் சீலிங்கைப் பற்றி. ஜிப்சம் போர்டை ஸ்க்ரூ அடித்து, மூட்டுகளைப் பூசி, பெயிண்ட் அடிக்கும் சீலிங்குக்குக் கணக்கே வேறு. விலை எதையும் நான் தரப்போவதில்லை, அது இடத்துக்கு இடம், மாதத்துக்கு மாதம் மாறும். எண்ணிக்கையைச் சரியாக எடுத்துவிட்டால், கடையில் சொல்லும் விலையால் பெருக்குவது சின்ன வேலை.

எதையெல்லாம் வாங்குகிறோம்

சுவரைச் சுற்றி ஓடும் எல் வடிவப் பட்டை வால் ஆங்கிள். சீலிங்கின் எடையைத் தாங்கும் நீளமான சட்டம் மெயின் டீ, பொதுவாக 3.6 மீட்டர் நீளத்தில் வரும், 1.2 மீட்டர் இடைவெளியில் போடுவார்கள். இரண்டு மெயின் டீக்களுக்கு நடுவே குறுக்காகப் பூட்டுவது 1200 மி.மீ. கிராஸ் டீ, 600 மி.மீட்டருக்கு ஒன்று. அந்த 1200-களின் நடுவில் பூட்டி, கட்டத்தை 600-க்கு 600 ஆகப் பிரிப்பது 600 மி.மீ. கிராஸ் டீ. மேல்தளத்திலிருந்து மெயின் டீயைப் பிடித்துத் தொங்கவைப்பது ஹேங்கர் கம்பி, அதை மேல்தளத்தில் பிடிக்கவைக்க ஒரு ஆங்கர். கடைசியில்தான் டைல்.

டைலை 600 என்று சொன்னாலும் அதன் உண்மையான அளவு 595 மி.மீ. அளவில் இருக்கும். சட்டத்துக்குள் சாய்த்து நுழைத்து உட்காரவைக்க அந்த இடைவெளி தேவை.

இங்கேயே ஒரு எச்சரிக்கை. சில சரக்கு மீட்டர் அளவில் வரும், சில அடி அளவில் வரும். 2 அடி என்பது 610 மி.மீ. 2 அடி கிரிட்டில் 595 மி.மீ. டைலை வைத்தால் நடுவில் நிற்கும்வரை நிற்கும். ஒரு பக்கமாக நகர்ந்தால் மறுபக்கம் பிடிமானம் இல்லாமல் கீழே விழும். டைலை ஓரிடத்திலும் கிரிட்டை வேறிடத்திலும் வாங்கினால் இதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அளவெடுப்பது

நீளத்தையும் அகலத்தையும் ஒரே இடத்தில் அளந்துவிட்டு நிறுத்தாதீர்கள். இரு முனைகளிலும் நடுவிலும் அளந்து, பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். சீலிங் வரப்போகும் உயரத்திலேயே அளப்பது நல்லது, ஏனென்றால் தரைமட்டத்தில் அளந்ததும் மேலே அளந்ததும் பூச்சின் காரணமாகவே வேறுபடலாம். இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். அவை சமமாக இல்லையென்றால் அறை கோணல். அப்படிப்பட்ட அறையில் ஓரத்து டைல் ஒவ்வொன்றையும் தனித்தனியே அளந்து வெட்ட வேண்டும், கூலியும் அதற்கேற்பக் கூடும்.

தூண், பீம், சுவரில் பதிந்த அலமாரி எல்லாவற்றையும் கட்டம் போட்ட தாளில் வரைந்துவிடுங்கள். ஒரு கட்டம் ஒரு டைல் என்று வைத்துக்கொண்டால் மீதிக் கணக்கில் பாதி அந்தத் தாளிலேயே முடிந்துவிடும்.

உயரத்தையும் இப்போதே முடிவு செய்ய வேண்டும். மேலே இருப்பதில் மிகத் தாழ்வானது எது என்று பாருங்கள்: பீமா, குழாயா, ஏசி டக்ட்டா? அதற்குக் கீழே குறைந்தது 100 முதல் 150 மி.மீ. விட்டால்தான் டைலைச் சாய்த்து உள்ளே நுழைக்க முடியும். தடித்த விளக்கு வருமானால் இன்னும் அதிகம். குறைந்தபட்ச அறை உயரம் எவ்வளவு என்று கட்டட விதி இருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓரத்து டைலில்தான் விஷயம்

எடுத்துக்காட்டாக, 5.0 மீட்டர் நீளம், 4.1 மீட்டர் அகலம் உள்ள ஒரு அறை. பரப்பு 20.5 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 2.78 டைல் என்பது பொதுவான கணக்கு, அதன்படி 57 டைல் போதும்.

இப்போது தாளில் வைத்துப் பார்ப்போம். 5.0 மீட்டரில் 8 முழு டைல் போக 200 மி.மீ. மிஞ்சும். அதை ஒரே ஓரத்தில் தள்ளினால் ஒரு பக்கம் முழு டைலும் மறுபக்கம் ஒல்லியான பட்டையுமாக இருக்கும். இரு பக்கமும் பிரித்தால் 100, 100, இன்னும் மோசம். அதனால் ஒரு முழு டைலை எடுத்துவிட்டு, அதன் 600-ஐ மிச்சத்தோடு சேர்த்து இரண்டாகப் பிரிப்பார்கள். 800-ஐ இரண்டால் வகுத்தால் ஒவ்வொரு ஓரத்திலும் 400. இப்படிச் செய்தால் ஓரத்து டைல் எப்போதும் பாதி டைலுக்குக் குறையாது, இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும்.

4.1 மீட்டருக்கும் அதே முறை. 6 முழு டைல் போக 500 மிஞ்சும். 1100-ஐ இரண்டால் வகுத்தால் 550. ஆக நீளவாக்கில் 7 முழு டைலும் இரு ஓரங்களும் சேர்த்து 9 கட்டம். அகலவாக்கில் 5 முழு டைலும் இரு ஓரங்களும் சேர்த்து 7 கட்டம். மொத்தம் 63.

57 எங்கே, 63 எங்கே! வெட்டிய துண்டை வேறிடத்தில் பயன்படுத்தலாமே என்று தோன்றும். முடியாது. 400 வெட்டினால் மிஞ்சுவது 200, 550 வெட்டினால் மிஞ்சுவது 50. ஓரம் பாதியைவிடப் பெரிதாக இருக்கும்போது ஒவ்வொரு ஓரக் கட்டமும் ஒரு முழு டைலைத் தின்றுவிடும். எனவே டைலுக்குச் சுருக்கமான விதி இதுதான்: நீளத்தையும் அகலத்தையும் தனித்தனியே டைல் அளவால் வகுத்து, இரண்டையும் மேல்நோக்கி முழு எண்ணாக்கி, அப்புறம் பெருக்குங்கள். முதலில் பரப்பைக் கண்டுபிடித்துப் பிறகு வகுத்தால் தவறு வரும்.

இன்னொன்றும் கவனியுங்கள். 63 கட்டத்தில் முழு டைல் 7 பெருக்கல் 5, அதாவது 35. மீதி 28 டைலை வெட்ட வேண்டும். ஏறக்குறைய பாதி! கிட்டத்தட்ட அதே பரப்புள்ள 4.8-க்கு 4.2 மீட்டர் அறையில் 56 டைல்தான், கணக்குப்படி ஒன்றைக்கூட வெட்ட வேண்டாம். இரண்டு அறைக்கும் சதுர அடி விலை ஒன்றாகச் சொன்னால், யாரோ ஒருவருக்கு நட்டம்.

சாமான் அறை, மோட்டார் அறை போன்ற இடங்களில் ஓரம் ஒருபக்கமாக ஒல்லியாக இருந்தாலும் யாரும் பார்க்கப்போவதில்லை. அங்கே ஒரு மூலையிலிருந்து முழு டைலாகவே தொடங்கச் சொல்லுங்கள். வெட்டும் வேலை பாதியாகும், 200 மி.மீ. பட்டையாக இருந்தால் ஒரே டைலில் இரண்டு மூன்று ஓரங்கள் வந்துவிடும்.

டைலை இறுதியாக்குவது

600-க்கு 600 பேனல் விளக்குகள் 4 வைக்கப் போகிறோம் என்றால் அந்த 4 கட்டத்துக்கு டைல் வேண்டாம். 63-இல் 4 போக 59. உடைவதற்கும் தவறாக வெட்டுவதற்கும் 5 சதவீதம் சேர்த்தால் 62. கோணலான அறை, தூண் நிறைய உள்ள அறை என்றால் 10 சதவீதம் சேர்க்கலாம். வட்டமான சிறு விளக்குகளுக்குக் கழிக்கக் கூடாது, அங்கே டைலும் வேண்டும், ஓட்டை போடும் கூலியும் வேண்டும்.

டைல் பெட்டியாகத்தான் வரும். பெட்டிக்கு 8 என்றால் 8 பெட்டியில் 64, பெட்டிக்கு 12 என்றால் 6 பெட்டியில் 72. விலையை டைலுக்கு எவ்வளவு என்று பார்த்துவிட்டுப் பெட்டியாக வாங்கும்போது கணக்கு இப்படித் தாவும். மிஞ்சியதைத் திருப்பிக் கொடுக்க அவசரப்படாதீர்கள். சில ஆண்டுகள் கழித்து மேலே தண்ணீர் ஒழுகி இரண்டு டைல் கறைபட்டால், அதே நிறத்தில் அதே வேலைப்பாட்டில் கிடைப்பது அரிது.

கிரிட் எண்ணிக்கை

சதுர மீட்டருக்கு மெயின் டீ 0.83 மீட்டர் நீளம், கிராஸ் டீ எண்ணிக்கையில் 1200 வகை 1.39, 600 வகை 1.39 என்று ஒரு சூத்திரம் உண்டு. பெரிய ஹாலுக்கு அது நன்றாகவே ஒத்துவரும். சின்ன அறைக்கு எண்ணித்தான் ஆக வேண்டும்.

வால் ஆங்கிள்: சுற்றளவு 18.2 மீட்டர். 3 மீட்டர் நீளத்தில் 7 வேண்டும்.

மெயின் டீ: நீளவாக்கில் ஓடட்டும். சுவரிலிருந்து 550, அதன்பின் 1200, 1200 என்று 3 வரிசை. ஒவ்வொன்றும் 5.0 மீட்டர். ஒரு வரிசைக்கு ஒரு முழு நீளமும் 1.4 மீட்டர் துண்டும் தேவை. ஒரு நீளத்தில் இரண்டு துண்டு வெட்டலாம் என்பதால் 5 நீளம் போதும் என்று கணக்குச் சொல்லும். ஆனால் கிராஸ் டீ நுழையும் துளை சுவரிலிருந்து சரியாக 400-இல் வர வேண்டும், அதற்காக முனையைக் கொஞ்சம் வெட்டித் தள்ள நேரிடும். அதுமட்டுமல்ல, இணைக்கும் பூட்டு இருக்கும் முனையைக் கொண்ட துண்டுதான் ஒட்டுக்கு உதவும். 6 வாங்குங்கள்.

1200 கிராஸ் டீ: அகலவாக்கில் 8 கோடு. ஒவ்வொரு கோட்டிலும் இரண்டு முழுசும், சுவரோரம் 1150-க்கு வெட்டிய ஒன்றும். 24.

600 கிராஸ் டீ: நீளவாக்கில் 3 கோடு, கோட்டுக்கு 9 கட்டம், ஆக 27. மறு ஓரத்தில் 550 இடைவெளிக்கு 8 கோட்டிலும் ஒவ்வொன்று. மொத்தம் 35.

சூத்திரப்படி இரண்டு கிராஸ் டீயும் 29, 29 என்று வந்திருக்கும். ஒன்று 5 கூடுதல், மற்றொன்று 6 குறைவு. வேலை நடுவில் நின்றுபோவது இந்த மாதிரி ஆறு சட்டத்துக்காகத்தான்.

ஹேங்கர்: மெயின் டீயில் 1.2 மீட்டருக்கு ஒன்று, சுவரிலிருந்து முதல் கம்பி 600 மி.மீட்டருக்குள். 5 மீட்டர் வரிசைக்கு 5, மூன்று வரிசைக்கு 15. பேனல் விளக்கு ஒவ்வொன்றுக்கும் தனியாக இரண்டு கம்பி, ஆக 8. மொத்தம் 23. விளக்கின் எடையை கிரிட்டின் தலையில் கட்டிவிட்டு ஹேங்கரில் மிச்சம் பிடிப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கிரிட் தொய்ந்த பிறகு நிமிர்த்தும் செலவு இதைப்போலப் பல மடங்கு. கம்பியின் நீளத்துக்கு, தொங்கும் ஆழத்தோடு இரு முனையிலும் முறுக்கிக் கட்ட 300 மி.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள். ஆங்கர் ஹேங்கருக்கு ஒன்று. வால் ஆங்கிளுக்கு 450 மி.மீட்டருக்கு ஒரு ஸ்க்ரூ என்றால் இந்த அறைக்குச் சுமார் 45.

நிலநடுக்க அபாயம் உள்ள பகுதியென்றால் சாய்வுக் கம்பிகளும் அகலமான வால் ஆங்கிளும் விதிப்படி தேவைப்படலாம். பொறியாளரிடம் கேட்காமல் அந்த வரியைக் காலியாக விடாதீர்கள்.

எந்த டைல்

மொத்தச் செலவை அதிகம் ஆட்டுவது இந்தத் தேர்வுதான். மினரல் ஃபைபர் சத்தத்தை உறிஞ்சும், எடை குறைவு, வெட்டுவது எளிது. ஈரம் மட்டும் ஆகாது; சாதாரண வகை ஈரக்காற்றில் தொய்ந்துவிடும். பி.வி.சி. படலம் ஒட்டிய ஜிப்சம் டைலைத் துடைத்துக்கொள்ளலாம், ஆனால் கனம், எதிரொலியையும் அவ்வளவாகக் குறைக்காது. கால்சியம் சிலிக்கேட் ஈரத்தைத் தாங்கும். உலோக டைல் நீண்டநாள் உழைக்கும், விலையும் அதிகம். சமையலறை, குளியலறைப் பக்கம் என்றால் டைலோடு கிரிட்டும் துருப்பிடிக்காததாக இருக்க வேண்டும். மலிவான கிரிட்டில் விலை உயர்ந்த டைலை வைப்பதில் அர்த்தமில்லை.

ஓரம் சமமாக உள்ள டைல் ஒரு வெட்டில் முடியும். சட்டத்துக்குக் கீழே இறங்கித் தெரியும் படிவைத்த ஓரம் என்றால், வெட்டிய பக்கத்தில் அந்தப் படியைக் கத்தியால் மறுபடி செதுக்க வேண்டும். நம் அறையில் 28 டைல்! அழகுக்காக இதைத் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் கூலியைக் கேட்டுவிட்டுத் தேர்ந்தெடுங்கள். கீழிருந்து தெரியும் பட்டை 15 மி.மீ. மட்டுமே உள்ள மெல்லிய கிரிட்டும் அப்படித்தான். 24 மி.மீ. கிரிட் சின்னச் சின்னப் பிசகுகளை மறைத்துவிடும், மெல்லியது மறைக்காது.

1200-க்கு 600 டைல் எடுத்தால் 600 கிராஸ் டீ அநேகமாகத் தேவையே இல்லை. செலவும் நேரமும் குறையும். தொய்வு சீக்கிரம் கண்ணில் படும் என்பதுதான் குறை. அலுவலகத்துக்குப் பரவாயில்லை, வீட்டு ஹாலுக்கு நான் சொல்ல மாட்டேன்.

மேலே இருப்பதற்கும் செலவு உண்டு

பழைய சீலிங்கைப் பிரித்து எடுப்பது, குப்பையை அகற்றுவது, வயர்களை இழுத்துக் கட்டுவது, ஏசி வாயைப் புதிய மட்டத்துக்கு இறக்குவது, தீயணைப்புத் தெளிப்பான் இருந்தால் அதையும் இறக்குவது. இவை எதுவும் சீலிங் போடுபவரின் கணக்கில் இருக்காது. மின் வேலைக்குத் தனி ஆள், தனிக் கூலி. மேல்தளத்தில் ஒழுக்கு இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். சீலிங் மறைக்கும், நிறுத்தாது.

பல பத்தாண்டு பழைய கட்டடத்தில் இருக்கும் சீலிங் டைலில் கல்நார் இருக்கலாம். உடைத்தால் அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. சந்தேகம் இருந்தால் பிரிப்பதற்கு முன்பே சோதனை செய்ய வேண்டும், அந்தச் செலவும் தாளில் ஏற வேண்டும்.

கூலி

கூலியைப் பரப்புக்கு இவ்வளவு என்றோ நாளுக்கு இவ்வளவு என்றோ பேசுவார்கள். எப்படிப் பேசினாலும் அதை ஏற்றி இறக்குபவை சில விஷயங்கள்தான். வெட்டும் டைல் எத்தனை. ஏணியில் எட்டும் உயரமா, சாரம் போட வேண்டுமா. அறை காலியா, சாமான்களை நகர்த்தி நகர்த்திச் செய்ய வேண்டுமா. மேல்தளம் கான்கிரீட்டா, மரச்சட்டமா. கான்கிரீட்டில் ஒவ்வொரு ஹேங்கருக்கும் துளை போட வேண்டும்.

சின்ன அறைக்குச் சதுர அடிக்கு அதிகம் கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். 2-க்கு 2 மீட்டர் அறையில் 4 சதுர மீட்டருக்கு 8 மீட்டர் சுவரோரம், அதாவது சதுர மீட்டருக்கு 2 மீட்டர். 10-க்கு 10 மீட்டர் ஹாலில் அது வெறும் 0.4. ஓர வேலை ஐந்து மடங்கு.

எல்லாவற்றையும் ஒரு தாளில்

நம் அறைக்கு இப்படி வரும். எண்ணிக்கைக்குப் பக்கத்தில் விலையை எழுதிப் பெருக்குங்கள்.

- டைல் 62, பெட்டிக் கணக்குக்கு உயர்த்தி
- வால் ஆங்கிள் 7
- மெயின் டீ 6
- 1200 கிராஸ் டீ 24, உபரியாக 2
- 600 கிராஸ் டீ 35, உபரியாக 2
- ஹேங்கர், ஆங்கர் 23, ஸ்க்ரூ 45
- சீலிங் கூலி
- விளக்கு, வயர், மின் கூலி
- பிரிப்பு, குப்பை, சாரம்
- வண்டி வாடகை, வரி

கூட்டி வந்த தொகையில் எதிர்பாராததற்குப் புதுக் கட்டடம் என்றால் 5 சதவீதம், பழைய கட்டடம் என்றால் 10 முதல் 15 சதவீதம் ஒதுக்குவேன்.

கொட்டேஷன் கையில் வந்ததும்

இரண்டு மூன்று பேரிடம் கேளுங்கள், ஆனால் எல்லாருக்கும் ஒரே வரைபடத்தையும் ஒரே டைல் வகையையும் கொடுத்துக் கேளுங்கள். இல்லாவிட்டால் ஒப்பிட எதுவும் இருக்காது. மொத்தத் தொகையைப் பார்ப்பதற்கு முன் அடியில் இருக்கும் வரிகளைப் படியுங்கள். விளக்கு வரும் இடத்தைப் பரப்பில் கழித்திருக்கிறாரா? ஓட்டை போடுவது தனியா, உள்ளடக்கமா? கிரிட்டின் வகையும் தடிமனும் எழுதியிருக்கிறதா, வெறும் கிரிட் என்று மட்டுமா? பீமைச் சுற்றி இறக்கும் செங்குத்துப் பகுதியை எப்படி அளப்பார்?

அவர் பரப்பைச் சதுர அடியில் சொன்னால், உங்கள் சதுர மீட்டரை 10.76-ஆல் பெருக்குங்கள். நம் அறை 221 சதுர அடி வரும். 230, 240 என்று எழுதியிருந்தால் சேதாரத்தைப் பரப்பிலேயே சேர்த்திருக்கிறார் என்று அர்த்தம். அதன் பிறகு சேதாரம் என்று இன்னொரு வரி இருக்கக் கூடாது.

வேலை தொடங்கியபின் கூடுதலாக ஒரு விளக்கு, ஒரு பராமரிப்புத் திறப்பு என்று கேட்பது சகஜம். அதற்கான ஒற்றை விலையை முன்கூட்டியே கொட்டேஷனில் எழுதி வாங்கிவிடுங்கள். முன்பணத்தை டைலும் கிரிட்டும் இறங்கியபின் எண்ணிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். கடைசித் தவணையை, விளக்குகளைப் போட்டு, மட்டம் பார்த்து, உபரி டைல்களை உங்களிடம் ஒப்படைத்த பிறகு.